பருந்துப் பூச்சிகள் இருந்த பை

மகன்,

முந்தாநாள் நீ போன் எடுத்து, முகூர்த்த நாள் குறித்தாயிற்று, மண்டபமும் பேசியாயிற்று என்று சொன்னபோது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். தோட்டத்தில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. வசந்தி உன் மாமன் மகள். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்புவது எனக்கும் உன் அம்மாவுக்கும் மூன்று வருஷமாகவே தெரியும். அவளைப் போல ஒரு மருமகள் வேறு எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டாள். சந்தோஷப்பட வேண்டிய தகப்பன் ஏன் ஊமையானான் என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் நான் மட்டும்தான். உன் அம்மா ஏன் இங்கே இல்லை என்பதும் இந்தக் கடிதத்தில் வரும். உனக்குக் கோபம் வரும். வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசி.

பத்து நாளைக்கு முன்னால் வசந்தியின் அம்மா, உன் மல்லிகா அத்தை, வீட்டுக்கு வந்தார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. உன் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, தாலி கட்டுறதுக்கு முன்னால இவரு போட்டோவ மண்டபத்துல வச்சு ஒரு மால போடணும்னு வசந்தி ஆசப்படுது. அத நீங்கதான் போடணும். அவரு போனதுக்கப்புறம் எங்களுக்கு ஆம்பள தொணைன்னு நின்னது நீங்க ஒருத்தருதானே." நான் சரி என்று தலையாட்டினேன். பதின்மூன்று வருஷமாக நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு அவர் படியிறங்கிப் போன பிறகு என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மாமா செல்வராஜின் படத்துக்கு மாலை போடுகிற கை இதுவாக இருக்கக்கூடாது.

நான் பருந்துப் பூச்சி பிடித்தது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம். நான் அப்போதும் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் காயவைக்கிற மெசினில்தான் வேலை. மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் விடிய விடிய லைட் எரியும். காலை வேலைக்குப் போகிறபோது அந்த வெள்ளைச் சுவர் முழுக்கப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன அந்துப்பூச்சிகளை விடு. அவற்றின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு, றெக்கையைப் பின்னால் சாய்த்து, பருந்து வானத்தில் வட்டமிடுகிறபோது தெரிகிற அதே வடிவத்தில் சில உட்கார்ந்திருக்கும். முதலில் எனக்கும் அவை வெறும் விட்டில்தான். காகம் வந்து கொத்துவதற்கு முன்னால் தினம் ஐந்து நிமிஷம் நின்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றும் வேறு வேறு சாதி என்று பிடிபட்டது.

ஒன்று சாம்பல் நிறம், வயிற்றின் இரண்டு பக்கமும் ரோஸ் பட்டை. அதன் கூட்டை வத்தாளைக் கிழங்குப் பாத்தியில் மண்வெட்டி போடும்போது எடுத்திருக்கிறேன், கூஜாவுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி அதன் தும்பிக்கை தனியே வளைந்து நிற்கும். இன்னொன்று முதுகில் மண்டை ஓடு வரைந்த பூச்சி. தொட்டால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தும். அது லயத்து வீட்டுக்குள் வந்தால் சாவு விழும் என்று சனம் விளக்குமாற்றால் அடித்துக் கொன்றுவிடும். பகலில் பறப்பவையும் உண்டு. உண்ணிப்பூவின் முன்னால் தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று தேன் குடிப்பது, கண்ணாடி மாதிரி றெக்கை உள்ளது என்று. ஆற்றோரத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் காய்ச்சல் மருந்துக்காக நட்டுப் பிறகு கைவிட்ட கொய்னா மரங்கள் ஐந்தாறு நிற்கின்றனவே, அவற்றின் இலையைத் தின்கிற கொம்புப் புழுவிலிருந்து வருவதுதான் எல்லாவற்றிலும் அழகு. பாசி படிந்த பாறையின் பச்சை. குளிர் நாளில் அதனால் உடனே பறக்க முடியாது. உடம்பு சூடேறும்வரை றெக்கையை நடுக்கிக்கொண்டே இருக்கும், காய்ச்சல்காரன் நடுங்குவது போல. அந்த நேரம் பார்த்துப் போத்தலுக்குள் தள்ளிவிடுவது சுலபம் என்று நான் கற்றுக்கொண்டேன்.

போத்தல் என் கைக்கு வந்தது நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு ஆளால். வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டிப் பிழைப்பவர். தொழிற்சாலை பார்க்க ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அந்தச் சுவர் முன்னால் வெள்ளைக்காரர் நின்றவர் நின்றவர்தான், நகரவேயில்லை. மறுவாரம் வழிகாட்டி மட்டும் தனியே வந்து என்னைப் பார்த்தார். "அண்ணே, இந்தப் பூச்சிக்கெல்லாம் அங்க பெரிய கிராக்கி. செத்ததா இருந்தாலும் சரி, கூடா இருந்தாலும் சரி, றெக்க ஒடயாம இருக்கணும்" என்றார். "பெர்மிட் ஏதும் வேணாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதமாட்டேன்.

அந்த நாட்களில் நீ ஒரு புழு வளர்த்தாய். தண்ணீர்ப் பீலிக்கரைச் சேம்பிலையில் பிடித்தது, கறுப்பு உடம்பின் இரண்டு பக்கமும் கண் கண்ணாகப் பொட்டு வைத்தது. பால்மா டின்னில் மண் போட்டு, தினம் இலை மாற்றி, அது மண்ணுக்குள் இறங்கிக் கூடானதும் ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினாய். நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அந்தக் கூட்டை எடுத்து வழிகாட்டியிடம் கொடுத்தது நான்தான். எலி தின்றுவிட்டது என்றேன். நீ அழுதுவிட்டு, டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். அவ்வளவுதான். ஒரு பொய் எவ்வளவு லேசாக எடுபடுகிறது என்று அன்றைக்கு நான் பார்த்துவைத்துக்கொண்டேன்.

சில மாதம் போனதும் வழிகாட்டி தோட்டத்துப் பூச்சி போதாது என்றார். பட்டிப்பொலப் பக்கத்து உயரக் காட்டில் மட்டும் கிடைக்கிற ஒரு கறுத்த சாதி இருப்பதாகவும், வெள்ளைக்காரர் அதற்காகவே காத்திருப்பதாகவும் சொன்னார். அப்படி ஒன்று உண்மையில் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் போனேன். முதல் இரண்டு தடவை தனியாகப் போய் வந்தேன். மூன்றாவது தடவை தலவாக்கலை ஸ்டேசனில் ரயிலுக்கு நிற்கிறபோது உன் மாமா செல்வராஜ் வந்து சேர்ந்தார். மல்லிகா அத்தையின் தங்கச்சியைப் பட்டிப்பொலயில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் பிள்ளைக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போகிறேன் என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் குழந்தைச் சட்டையும் வீட்டில் சுட்ட ரொட்டியும். "நீங்க எங்க மச்சான்?" என்றார். ஒரு கூட்டாளியைப் பார்க்க என்றேன். சாயங்கால ரயிலில் சேர்ந்து வருவோம் என்று பேசிக்கொண்டு பட்டிப்பொலயில் பிரிந்தோம்.

உன் மாமாவை நீ சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாயா என்று எனக்குச் சந்தேகம். கவ்வாத்து வெட்டுவதில் நம் தோட்டத்தில் அவருக்கு இணை கிடையாது. தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சாய்வாக வெட்டுவார், பிசிறு இருக்காது. வாய்ச்சொல் குறைவு. கோபம் வந்தால் முகம் சிவக்கும், அதோடு சரி. உன் அம்மாவைவிட எட்டு வயது இளையவர், அவள் தூக்கி வளர்த்த தம்பி. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் உன் அம்மாவைப் பிரிந்திருக்க முடியாமல் ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மைல் நடந்து வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னை மச்சான் என்று கூப்பிடுவார், ஆனால் அண்ணனுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்தார்.

அந்தக் காட்டின் வாசலில் பலகை இருந்தது. இலைகூடப் பறிக்கக்கூடாது என்று தமிழிலும் எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மதியத்துக்குள் பை நிறைந்தது. பாசியில் பொதிந்த கூடுகள், பாண் பெட்டியில் புழுக்கள், முக்கோணமாக மடித்த கடதாசிக்குள் பூச்சிகள். காட்டோரத்தில் பட்டுப்போன ஒரு மரப்பொந்தில் மண்டை ஓட்டுப் பூச்சி ஒன்று தேனடைக்குப் பக்கத்தில் இருந்தது, அதை உயிரோடு ஒரு டப்பாவில் போட்டேன். மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்திருப்பேன், பனிக்குள் இருந்து யாரோ குடையோடு மேலே ஏறி வருவது தெரிந்தது. செல்வராஜ். பிள்ளையைப் பார்த்துவிட்டு ஸ்டேசனுக்குப் போனவர், என்னைக் காணவில்லை என்றதும் விசாரித்துக்கொண்டு தேடி வந்திருக்கிறார். "மேல ஏறிப் போனீங்கன்னு கடையில சொன்னாங்க. பனிக்குள்ள வழி தப்பிருவீங்களோன்னு வந்தேன் மச்சான்" என்று குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். பையில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு பேரும் இறங்கினோம். நான் நாலடி முன்னால் போனேன். ஒரு வளைவு வரும், அந்த இடத்தில் மரம் இல்லை, கீழே ரோடு தெரியும். பனி அப்போது சற்று விலகியது. கீழே ஒரு ஜீப் நின்றது. காட்டு அதிகாரிகள் இரண்டு பேர், விறகு கொண்டுபோன ஒரு ஆளை நிறுத்திச் சாக்கைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருக்கலாம். வந்த வழியே திரும்பியிருக்கலாம். மச்சான், மாட்டிக்கொண்டேன் என்று அவரிடமே சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் பதின்மூன்று வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. திரும்பி அவரிடம் நடந்து, பையை நீட்டினேன்.

"மச்சான், இதக் கொஞ்சம் பிடி. வயிறு சரியில்ல. இந்தா வந்துர்றேன்."

"குடுங்க. சீக்கிரம் வாங்க, ரயிலு போயிரும். நா மெதுவா நடக்குறேன்" என்றார்.

நான் புதருக்குள் இறங்கினேன். அவர் ஒரு கையில் என் பை, ஒரு கையில் குடை, முழங்கையில் வெறும் கூடை என்று வளைவில் திரும்பினார். நில்லு என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பார். என் தொண்டையில் அந்தச் சத்தம் இருந்தது மகன், நான்தான் அதை வெளியே விடவில்லை.

இலைகளுக்கு இடையில் எல்லாம் எனக்குத் தெரிந்தது. அதிகாரி பையை வாங்கித் திறந்தார். பெட்டிகளை ரோட்டில் வைத்தார். செல்வராஜின் முகத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று விளங்காத முகம். டப்பாவைத் திறந்ததும் மண்டை ஓட்டுப் பூச்சி கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்து அவர் மணிக்கட்டில் ஏறியது. அதிகாரியே ஒரு அடி பின்னால் போனார். இவர் கையை நீட்டியபடி அசையாமல் நின்றார். "மேக காகேத?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இது யாருடையது என்று. செல்வராஜ் தலையைத் தூக்கி நான் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான். பிறகு குனிந்து, "மகே" என்றார். என்னுடையது.

ஜீப் போகும்வரை நான் அசையவில்லை. பிறகு ஸ்டேசனுக்கு வந்து ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். "தம்பி எங்க?" என்று உன் அம்மா கேட்டாள். "ஸ்டேசன்ல காணல. தங்கச்சி வீட்டுலயே தங்கிட்டான் போல" என்றேன். அடுத்த நாள் மதியம் செய்தி வந்தபோது அவள் தோட்டத்து ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் மயங்கி விழுந்தாள். நீயும் நானும்தான் தூக்கி வந்தோம்.

மறியல் சிறையில் அவரைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். உன் அம்மாவைக் கூட்டிப் போகவில்லை, அவள் முன்னால் அவர் ஏதும் சொல்லிவிடுவார் என்ற பயம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் மெலிந்து நின்றார். வழக்கைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றியும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், பையக் குடுக்கும்போது கீழ ஜீப்பு நின்னத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மச்சான். சத்தியமா பாக்கல. ஒம் மருமகன் மேல சத்தியம்."

உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன் மகன். அவர், "அப்போ சரி. ஒரே வீட்டுல ரெண்டு பேரு உள்ள வந்து என்ன செய்ய. நானே ஏத்துக்கிறேன்" என்றார். எனக்கு வந்தது ஆறுதல். வெட்கம் அல்ல, ஆறுதல். ரோட்டுக்கு வந்து ஒரு கடையில் வடை வாங்கித் தின்றேன்.

வழக்கில் அவர் ஒப்புக்கொண்டார். சில மாதம் உள்ளே இருந்தார். வழிகாட்டியும் வரவில்லை, வெள்ளைக்காரரும் வரவில்லை. வெளியே வந்தபோது தோட்டத்தில் அவருக்கு வேலை இல்லை. பேர் வெட்டியாயிற்று என்றார்கள். அதைவிட மோசம் பூச்சிக் கள்ளன் என்ற பட்டப்பெயர். வசந்திக்கு அப்போது பத்து வயது. பூச்சிக் கள்ளன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் துரத்தியதால் அவள் ஒரு தவணை முழுக்கப் பள்ளிக்கூடமே போகவில்லை. நீ அவளுக்காக ஒருத்தன் பல்லை உடைத்துவிட்டு வந்தாய், ஞாபகம் இருக்கும். ஆனால் அதே வாரம் நடந்த இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. மாமா நம் வீட்டு வாசற்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து அவர் முன்னால் நின்று, "ஏன் மாமா இந்தக் கள்ள வேல பாத்தீங்க? வசந்திய நெனச்சிப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "புத்தி கெட்டுப் போச்சு மகன். மன்னிச்சிக்க" என்றார். பதினைந்து வயதுப் பையனிடம். நான் கோப்பையைக் காலிசெய்துவிட்டு எழுந்து உள்ளே போனேன். உன்னை அப்படி ஒரு வார்த்தை கேட்கவைத்த பாவமும் என் கணக்கில்தான்.

பிறகு அவர் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். தலவாக்கலை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மச்சான், போன வாரம் நா பட்டிப்பொல போயிருந்தேன். அந்த வளைவுல போய் நின்னு பாத்தேன். கீழ ரோடு நல்லாத் தெரியுது." நான் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அக்கா ஒங்கள நம்பி இருக்கு. நீங்களா ஒரு நாளு சொல்லுவீங்கன்னு நெனச்சேன், அவ்வளவுதான்" என்றார். பஸ் போய்விட்டது. நான் பார்த்த கடைசி அது. நாலு மாதத்தில் சாரம் சரிந்து ஆறாவது மாடியிலிருந்து விழுந்தார். பெட்டியில்தான் வீடு வந்தார், திறக்க விடவில்லை. தலைமாட்டுப் பக்கம் தூக்கியது நான்.

சாவு வீடு முடிந்த பிறகு நான் நல்லவன் ஆனேன். வசந்திக்குச் சப்பாத்து, கொப்பி, சாமத்தியச் சடங்குக்குச் சேலை, மல்லிகா அத்தை வீட்டுத் தகரம் பறந்தபோது புதுத் தகரம். சனம் என்னைப் புகழ்ந்தது. தங்கமான மனுசன், மச்சானுக்கு மச்சானாக நிற்கிறான் என்று கோயில் கூட்டத்தில் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்: நாம் செய்த கேட்டை மூடி மறைக்க நல்லது செய்யும்போது, வாங்குகிறவர்களின் நன்றியையும் திருடுகிறோம். வசந்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் என் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்திருக்கிறேன். பூச்சிகள் இப்போதும் தொழிற்சாலைச் சுவருக்கு வருகின்றன, முன்புபோல அவ்வளவு இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

மல்லிகா அத்தை வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கடைசியில் தெரியும் என்றேன். "தெரிஞ்சிக்கிட்டா போனான்?" என்றாள். ஆமாம் என்றேன். களைந்த அரிசியை உலையில் போட்டு, எனக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு மல்லிகா அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று, "மல்லிகாகிட்ட நா சொல்ல மாட்டேன். நா சொன்னா ஒங்களுக்கு லேசாப் போயிரும்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போய் மல்லிகா அத்தையிடம் சொன்னேன். உன் அம்மா அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. அத்தை கேட்டு முடிக்கிறவரைக்கும் சுவரில் இருந்த மாமாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு வருசம் நா அவரோட பேசல அண்ணே" என்றார். "உள்ளயிருந்து வந்த பிறகு. ஊரு சிரிக்க வச்சிட்டீங்கன்னு சொல்லி ஒரு வருசம் மொகம் குடுத்துப் பேசல. கொழும்புக்குப் போறப்ப கூட வாசலுக்கு வரல. அவரு ஒரு வார்த்த சொல்லல." நான் அதுவரை நினைத்துப் பார்க்காத இடத்தில் போய் அடித்தது அது. மனுசனின் வேலையையும் பேரையும் உயிரையும் கெடுத்தேன் என்றுதான் எண்ணியிருந்தேன். பெண்சாதியின் பேச்சையும் கெடுத்திருக்கிறேன். நான் எழுந்தபோது அத்தை சொன்னார்: "கல்யாணத்த நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது புள்ளைங்க பாடு. ஆனா நீங்க மண்டபத்துக்கு வரக்கூடாது. வசந்திக்குத் தெரியாம தாலி ஏறவும் கூடாது." இரண்டுக்கும் சரி என்றேன்.

வசந்தியிடம் நானே போய்ச் சொல்வதாக இருந்தேன். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தால் அவள் பாவப்பட்டுவிடுவாள், அவள் குணம் அது, அந்தச் சலுகை எனக்குக் கிடைக்கக்கூடாது என்றார். அது நியாயம். வசந்தி வருகிற சனிக்கிழமை கூறைச்சேலை எடுக்க ஹட்டனுக்கு வருவதாகவும், நீயும் கொழும்பிலிருந்து வருவதாகவும் உன் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைத்துவிடும். கடைக்குப் போவதற்கு முன் இதை அவளிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, சுருக்கிச் சொல்லாதே, எனக்காக ஒரு வரியும் பேசாதே. அவளே வாசிக்கட்டும். முடிக்கும்வரை பக்கத்தில் இரு. எழுந்து போனால் பின்னால் போகாதே. பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் போகட்டும். உன்னைக் கட்டமாட்டேன் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள். அவளிடம் கெஞ்சாதே, என்னிடம் சண்டைக்கும் உடனே வராதே. அவள் தகப்பனைப் பற்றிய உண்மை பதின்மூன்று வருஷம் பிந்தி அவள் கைக்குப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரம் வேண்டும்.

இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. பட்டிப்பொல ரோட்டில் பிடிபட்ட பை என்னுடையது, செல்வராஜுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை, அவரிடம் தெரிந்தே கொடுத்தேன் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். பெரட்டுக் களத்தில், காலையில் எல்லாரும் பெயர் கொடுக்க வந்து நிற்கிற இடத்தில் அதை ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே நிற்பேன். கேட்கிறவர்களுக்கு வாயாலும் சொல்வேன். அது எங்கே போய் முடியுமோ, வேலை போகுமோ, விசாரணை வருமோ, வரட்டும். ஆனால் ஊர் பேசி வசந்தி அறியக்கூடாது, அவள் முதலில் அறிய வேண்டும். அதற்காக மட்டும்தான் பொறுத்திருக்கிறேன்.

அவள் வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. வாசித்துவிட்டாள் என்று மட்டும் போடு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம். மறுநாள் காலையில் ஒட்டிவிடுகிறேன்.

அப்பா